மடிக்கணினிக்குள் இரண்டு பேர்

அக்காள் மகனுக்கு 15 வயது. வீடு ஸ்கூடாயில். அத்தானுக்குச் சிங்கப்பூர் துவாஸில் வேலை. தினமும் எல்லையைக் கடந்து போய்வர முடியாமல் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். சனிக்கிழமை இரவுதான் வீடு திரும்புவார். வார நாள்களில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதெல்லாம் இரவு ஒன்பதரைக்கு மேல், 'ராக்கெட் லீக்' விளையாடும்போதுதான். கார்களை ஓட்டிப் பந்தை வலைக்குள் தள்ளும் ஆட்டம் அது. ஓர் ஆட்டம் 5 நிமிடம். 2020 முதல் இலவசம். தொலைபேசியில் "சாப்பிட்டியா?", "ம்ம்" என்று முடிந்துபோகிற பேச்சு, இருவரும் ஒரே அணியில் கார் ஓட்டும்போது பள்ளி, பரீட்சை, பக்கத்து வீட்டு நாய் என்று நீண்டுகொண்டே போகும் என்பார் அக்கா.

மூன்று மாதமாக அதிலும் கோளாறு. படம் திக்கித் திக்கி நகர்ந்தது. பந்து பக்கத்தில் வரும்போது பார்த்து கார் நின்றுவிடும். "மாமா, இந்த லேப்டாப் இனி சரிப்படாதுலா, புதுசுதான் வாங்கணும்" என்றான். கடையில் ஐயாயிரம் வெள்ளி சொன்னார்களாம். ஐயாயிரம் வெள்ளி என்றால் அத்தான் எத்தனை மணி நேரம் ஓவர்டைம் பார்க்க வேண்டும் என்று அக்கா மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீயே வந்து பாரு. நெஜமாவே அது செத்துப்போச்சா, இல்ல இவன் சாக்கு சொல்றானா?"

இரண்டும் இல்லை.

விளையாட்டுக்கென்று விற்கப்படும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் படம் வரைவதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் முதன்மைச் செயலியோடு ஒட்டிப் பிறந்தவர். மின்சாரம் குறைவாகக் குடிப்பார். இணையம் பார்க்க, கட்டுரை எழுத, வீடியோ பார்க்க அவரே போதும். சொந்த நினைவகம் கிடையாது, கணினியின் ரேமில்தான் பங்கு கேட்பார். மற்றவர் தனி கிராபிக்ஸ் சிப். இந்தப் பையனுடையதில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050. நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அவருக்குத்தான். எந்த வேலைக்கு யாரை எழுப்புவது என்று தானாகவே தீர்மானிக்கும் 'ஆப்டிமஸ்' ஏற்பாட்டை என்விடியா 2010இல் கொண்டுவந்தது. பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்க நல்ல யோசனை. ஆனால், சில நேரம் தூங்க வேண்டியவர் விழித்திருப்பார், விழிக்க வேண்டியவர் தூங்குவார்.

யார் வேலை செய்கிறார் என்று பார்ப்பது சுலபம். ஆட்டத்தை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'ஜிபியு 0', 'ஜிபியு 1' என்று இரண்டு வரைபடங்கள். பையனின் கணினியில் முதலாமவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்விடியாக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

விசாரித்தால், டியூஷனுக்கு எடுத்துப்போகும்போது பேட்டரி நிற்க வேண்டுமே என்று, விண்டோஸில் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அவனே 'பவர் சேவிங்'கிற்கு மாற்றியிருக்கிறான். அதில் இந்த ஆட்டமும் சேர்ந்துவிட்டது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று உள்ளே போனால் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகச் சொல்லலாம். ஆட்டத்தை மட்டும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கினேன். மற்றவற்றை விண்டோஸின் விருப்பத்துக்கே விட்டேன். எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தாளில் பெயர் எழுதுவதற்குப் பெயிண்ட் பிரஷ் எதற்கு?

பாதிப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. மீதியில் ஒரு பங்கு அக்காவுடையது. சார்ஜர் சுடுகிறது, வெடித்துவிடும் என்று பயந்து, இரவானால் அதைப் பிடுங்கிவிடுவார். பேட்டரியில் ஓடும்போது தனி சிப்புக்குக் கிடைக்கும் மின்சாரம் மிகவும் குறைவு. என்ன அமைப்பு வைத்தாலும் அது பாதி வேகத்துக்குக்கூட வராது. விளையாடும்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும், அது சற்றுச் சுடுவதும் இயல்புதான் என்று சொன்னேன். "ஆனா மெத்தைமேல, தலகாணிக்குக் கீழ வைக்கக் கூடாது" என்றதும், மகனைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். கணினியே அதுவரை மெத்தைமேல்தான் இருந்தது. அடியில் காற்று இழுக்கும் துளைகளைப் போர்வை மூடிக்கொண்டிருந்தது. நம் ஊர் வெக்கையில், ஏர்கோன் இல்லாத அறையில், இது ஒன்றே போதும் எந்தச் சிப்பையும் சோர வைக்க. சூடு எல்லை தாண்டினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் கண்ணுக்கு அது திக்கலாகத் தெரியும்.

கணினி மேசைக்கு வந்தது. அடுத்து நான் செய்ததைப் பையனால் நம்ப முடியவில்லை: வேகத்தைக் குறைத்தேன். கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் இந்த ஆட்டத்தில் தனி சிப் விநாடிக்கு இருநூறுக்கும் மேல் படம் வரைகிறது. அவன் திரையோ 144 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 144 படத்துக்கு மேல் அதனால் காட்ட முடியாது. மிச்சமெல்லாம் வெறும் சூடு. என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்' என்ற இடத்தில் 120 என்று வைத்தேன். இரைந்துகொண்டிருந்த விசிறி கொஞ்ச நேரத்தில் அடங்கியது. "ஸ்லோ பண்ணீங்க, ஆனா ஸ்மூத்தா போகுதே மாமா" என்றான்.

ஆட்டத்துக்குள் இருக்கும் அமைப்புகளில் நிழலின் தரத்தை முதலில் குறைத்துப் பாருங்கள். பல ஆட்டங்களில் அதிகம் தின்பது அதுதான். டெக்ஸ்ச்சர் அளவு சிப்பின் சொந்த நினைவகத்தைப் பொறுத்தது. பெரிய ஆட்டங்களில் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை அது.

பையன் வீடியோக்களில் பார்த்து 'மக்ஸ்' பற்றியும் கேட்டான். ஆப்டிமஸ் ஏற்பாட்டில் தனி சிப் வரைந்த படம் நேரே திரைக்குப் போகாது. ஒட்டிப் பிறந்தவர் கையில் கொடுத்து, அவர் வழியாகத்தான் போகும். அந்தச் சுற்றுவழியைத் துண்டித்து நேர்வழி போடுவதுதான் மக்ஸ் சுவிட்ச். எல்லா மடிக்கணினியிலும் இருக்காது; இவனுடையதில் இல்லை. இருந்தாலும் நேர்வழியிலேயே விட்டுவைத்தால் டியூஷனில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும்.

ஐயாயிரம் வெள்ளிப் பேச்சு எஸ்பிஎம் முடியும்வரை தள்ளிப்போயிருக்கிறது. அப்போது வாங்கும்போது சிப்பின் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது என்று இருவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் மடிக்கணினி உண்டு, 115 வாட்டிலும் உண்டு. வேகத்தில் இரண்டும் ஒன்றல்ல. விலை அட்டையில் வாட் போட்டிருக்காவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது பாக்கி இருப்பது அத்தானின் கணினி. பழைய அலுவலகக் கணினி. ஒட்டிப் பிறந்தவர் மட்டும்தான், எழுப்புவதற்கு வேறு ஆள் கிடையாது. ஆனால் 8 ஜிபி ரேம் ஒரே துண்டாக இருக்கிறது, பக்கத்து இடம் காலி. அங்கே அதே மாதிரி இன்னொன்றைச் செருகினால் இரு தடத்தில் ஓடும். ரேமை நம்பியே வாழும் சிப்புக்கு அது பெரிய உதவி. திரையளவை 1280க்கு 720 ஆகக் குறைத்து, நிழலை அணைத்துவிட்டால் அப்பாவின் காரும் ஓடும். சனிக்கிழமை அவர் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பையன் இப்போதே ஸ்குரூடிரைவரைத் தேடி எடுத்து வைத்துவிட்டான்.