புகையை விட்ட பஸ்கள்

தொண்ணூறுகளில் டெல்லியில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற யாரைக் கேட்டாலும் அந்தக் கரும்புகையைப் பற்றிச் சொல்வார்கள். பஸ் போய்விடும், புகை போகாது. காலையில் போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் பழுப்பாகிவிடும். சட்டையைத் துவைத்துவிடலாம். நுரையீரலை?

டெல்லி பஸ்கள் டீசலை விட்டு சி.என்.ஜி.க்கு மாறிய கதை நீளமானது. எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் 1985ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில் தொடங்குகிறது. 1998 ஜூலை 28ல் நீதிமன்றம் ஒரு பட்டியலே போட்டது. எட்டு வருடத்துக்கு மேல் ஓடிய பழைய பஸ்கள் சுத்தமான எரிபொருளுக்கு மாறாவிட்டால் ஓடக்கூடாது. பஸ்களின் எண்ணிக்கையை 10,000 ஆக்க வேண்டும். 2001 மார்ச் 31க்குள் நகரத்தின் எல்லா பஸ்களும் சி.என்.ஜி.யில் ஓட வேண்டும்.

ஏன் சி.என்.ஜி.? அது பெரும்பாலும் மீத்தேன் வாயு. எரியும்போது டீசலைப் போலக் கரித்துகள் கக்காது. இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. டீசலில் மண்ணெண்ணெய் கலக்கலாம். அழுத்தி அடைத்த வாயுவில் எதைக் கலப்பது?

சொல்வதற்குச் சுலபம். ஆனால் டீசல் இஞ்சின் அழுத்தத்திலேயே எரிபொருளைப் பற்ற வைக்கும். வாயுவுக்குத் தீப்பொறி வேண்டும். அதனால் இஞ்சினையே மாற்ற வேண்டும், கனமான சிலிண்டர்களைப் பொருத்த வேண்டும், வாயு நிரப்ப பங்க்குகள் வேண்டும். இரண்டரை வருடக் கெடுவில் பெரும்பகுதி யோசிப்பதிலேயே போயிற்று. கோர்ட் எப்படியும் தள்ளி வைக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

2001 ஏப்ரல் வந்தது. சாலையில் பஸ்கள் குறைந்தன. இருந்த பஸ்களில் கூரை வரை கூட்டம். வேலைக்குப் போகிறவர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். கோபம் வன்முறையாகவும் வெடித்தது. இன்னொரு பக்கம், வாயு நிரப்ப ஆட்டோக்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நின்றன. ராத்திரி முழுக்க வண்டியிலேயே தூங்கி, விடிந்த பிறகு வாயு பிடித்த ஓட்டுநர்கள் உண்டு. அன்றைய சம்பாத்தியம் வரிசையிலேயே போய்விடும்.

இதைத்தான் எதிர்த்தவர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள். "ஏழையின் வயிற்றில் அடித்து என்ன சுத்தமான காற்று?" என்று கேட்டார்கள். சில சி.என்.ஜி. பஸ்கள் தீப்பிடித்ததும் அவர்களுக்கு வசதியாகிப் போயிற்று. எந்த எரிபொருள் என்று கோர்ட் சொல்லக்கூடாது, எவ்வளவு புகை வரலாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் ஒரு வாதம். மாஷேல்கர் குழுவின் கருத்தும் ஏறக்குறைய அதுதான். அது முட்டாள்தனமான வாதம் அல்ல. ஆனால் புகையை ஒழுங்காக அளந்து பார்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால்தானே அது எடுபடும்?

ஏழையின் பெயரைச் சொன்னவர்கள் ஒன்றை மறந்தார்கள். ஏசி காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரும், ஆட்டோ ஓட்டுகிறவரும், சாலையோரம் பழம் விற்கிறவரும்தான் நாள் முழுக்க அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள். கெடுவைத் தள்ளினாலும் அடி அவர்களுக்கு, தயாராகாமல் அமல்படுத்தினாலும் அடி அவர்களுக்கு.

கடைசியில் 2002 ஏப்ரல் 5ல் நீதிமன்றம் பையில் கை வைத்தது. டீசல் பஸ் ஓடினால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் அபராதம், முப்பது நாளுக்குப் பிறகு 1,000 ரூபாய். அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. 2002 டிசம்பர் 1 முதல் நகரப் பேருந்துகளில் டீசல் பஸ் இல்லை.

அப்படியானால் டெல்லிக் காற்று சுத்தமாகிவிட்டதா? இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கரும்புகை போனது உண்மை. ஆனால் கார்களும் பைக்குகளும் பெருகின. கட்டிட வேலைத் தூசி, மின் நிலையங்கள், குளிர்காலம் தொடங்கும்போது அக்கம்பக்க மாநிலங்களில் எரிக்கும் வைக்கோல் என்று பட்டியல் நீள்கிறது. பஸ்ஸை மட்டும் திருத்திவிட்டு மற்றதை விட்டால் இதுதான் நடக்கும். அதற்காக பஸ்ஸைத் திருத்தியது வீண் என்று சொல்ல முடியுமா? அந்தப் புகையும் இதோடு சேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டி வந்த சி.என்.ஜி. தாழ்தள பஸ்களுக்கும் வயதாகிவிட்டது. 2022 முதல் அவற்றின் இடத்துக்கு மின்சார பஸ்கள் வருகின்றன. அன்று பங்க், இன்று சார்ஜிங் பாயிண்ட். பழைய பஸ் டிப்போவை விட்டுப் போகும் முன்பே புதிய பஸ் வந்து நிற்க வேண்டும். 2001 ஏப்ரல் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். அதை மறந்தால், ஸ்டாப்பில் மறுபடியும் மணிக்கணக்கில் நிற்கப் போவது அதே ஆட்கள்தான்.