மூத்தம்மாட அலுமாரி

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய தளபாடம் வீட்டில் வைத்திருப்பவர்களாவது கடைசி வரை வாசியுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கட பழைய வீட்டை உடைத்துப் புதிதாகக் கட்டினோம். எங்கட பக்கத்து வழக்கப்படி மூத்தம்மா உம்மாவுக்குக் கொடுத்து, உம்மா எனக்குத் தந்த வீடு அது. வீட்டோடு ஒரு முதிரைக் கட்டிலும் நீலப் பெயின்ட் அடித்த ஒரு அலுமாரியும் வந்தன. புது டைல்ஸுக்கும் வெள்ளைச் சுவருக்கும் இரண்டும் பொருந்தாது என்று எனக்குப் பட்டது. பழைய சாமான் வாங்க லொறியில் வந்தவரிடம் கட்டிலை எட்டாயிரம் ரூபாவுக்குக் கொடுத்துவிட்டேன். லொறியில் இடமில்லாததால் அலுமாரி மட்டும் தப்பியது.

உம்மாவிடம் கேட்டேன்தான். "ஒண்ட ஊடு மகள், ஒனக்கு விருப்பமானதச் செய்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் நான்கு பேரையும் உம்மா பெற்றது அந்தக் கட்டிலில்தான். எனக்குத் தெரியாத விசயமில்லை. அந்த நேரம் நினைத்துப் பார்க்கவில்லை.

எண்பதாயிரத்துக்குப் புது அலுமாரி வாங்கினோம். அமுக்கிய மரத்தூள் பலகை, மேலே பளபளப்பான தாள். இரண்டாவது மாரியிலேயே அடிப்பாகம் தண்ணீர் குடித்து ஊதிவிட்டது. கதவின் ஆணிகள் கழன்றன. அந்தப் பலகையில் துளை ஒருமுறை தளர்ந்தால் ஆணி திரும்பப் பிடிக்காதாம்.

அப்போதுதான் கொல்லையில் தகரத்துக்குக் கீழே கிடந்த மூத்தம்மாட அலுமாரி ஞாபகம் வந்தது. ஊரில் வயதான ஓடாவி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். பின்பக்கம் ஒரு மூலையில் கத்தியால் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே மஞ்சள் நிற மரம். "டீச்சர், இது முதிரை. இந்த அகலத்தில பலகை இப்ப காசு குடுத்தாலும் எடுக்க ஏலா" என்றார்.

ஏப்ரல் விடுமுறையில் வேலை தொடங்கியது. ஆப்புகளைத் தட்டினார், அரை மணித்தியாலத்தில் முழு அலுமாரியும் பலகை பலகையாகக் கழன்று வந்தது. ஒடுங்கிய வாசலால் கொண்டுபோக அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம். பழைய எனமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதனால் பிள்ளைகளை விலக்கிவைத்து, முகத்தை மூடி, நனைத்து நனைத்துத்தான் தேய்த்தோம். மூலை முடுக்குகளை ஓடாவி உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினார். உளுத்த ஒரு காலை மட்டும் மாற்றினார். துருப்பிடித்த இரும்பு ஆணிகளை எடுத்துவிட்டுப் பித்தளை போட்டார், கடல் காற்றுக்கு அதுதான் தாங்கும் என்று. கடைசியாக, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பல தடவை பூசினார். அலுமாரிக்கு இது போதும். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் பூசாதீர்கள், சூடான கோப்பை வைத்தால் வெள்ளை வட்டம் விழும்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மகனுக்கு ஒரு பாடமும் நடந்தது. கதிரை, மேசை, அலுமாரி மூன்றும் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள், லாச்சி ஒல்லாந்தருடையது. சொல் கப்பலில் வந்தது, மரமும் கையும் நம்முடையவை என்றேன்.

மூன்றாம் நாள் உம்மா ஒரு பலகைக்கட்டையைப் போட்டுப் பக்கத்தில் இருந்து, தானும் ஒரு லாச்சியைத் தேய்க்கத் தொடங்கினார். எந்தத் தட்டில் மூத்தம்மா எதை வைத்தார் என்றெல்லாம் சொன்னார். கட்டிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான்தான் சொன்னேன்: "உம்மா, கட்டில வித்திருக்கப்படா."

"யாராச்சும் அதில படுத்துத் தூங்குவாங்கதானே மகள்" என்றவர், மற்றப் பக்கம் திரும்பித் தேய்த்தார்.

கூலியும் சாமானுமாக மொத்தம் முப்பத்தையாயிரம் முடிந்தது. இப்போது அலுமாரி முன் மண்டபத்தில், அதே வெள்ளைச் சுவரோரம் நிற்கிறது. புத்தகம் வைப்பதற்காக உள்ளே இரண்டு தட்டுகளைக் கூட்டினோம். ஆணி அடிக்கவில்லை, சட்டத்தில் தாங்கவைத்ததுதான். நாளைக்கு என் மகள் வேறு விதமாகப் பாவிக்க நினைத்தால் கழற்றிக்கொள்ளலாம். நடு லாச்சி உம்மாவுக்கு.

லொறிக்காரரைக் கூப்பிட முன் பின்பக்கம் ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்களிடம் இரண்டாம் தடவையும் கேளுங்கள். முதல் தடவை அவர்கள் சொல்வது நம் மனம் நோகாமல் இருப்பதற்கான பதில்.

இன்னுமொன்று. தலைமாட்டில் கொடிச் செதுக்கல் உள்ள முதிரைக் கட்டில், இடப்பக்கப் பின்கால் மட்டும் தேக்கில் மாற்றியது. எங்காவது கண்டால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். விலை பேசிக்கொள்ளலாம்.