ஐஸ் இல்லாத ஊரின் லாகர்

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா



ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் வீட்டிலேயே பீர் போடுகிறவர்களின் புலம்பல் தொடங்கிவிடும். கராஜில் சூடு இறங்கவில்லை, இந்த நேரத்தில் லாகர் வகை பீர் போட்டால் பாழாகிவிடும் என்பார்கள். வீட்டில் பீர் போட்டால் போலீஸ் வராதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வராது. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். விற்கத்தான் கூடாது. 200 காலன் என்றால் ஏறக்குறைய 757 லிட்டர். அதைக் குடித்துத் தீர்ப்பது அவரவர் ஈரலின் பாடு.

லாகருக்கு ஏன் இத்தனை கவலை? ஏல் வகை பீரை 18, 20 டிகிரியில் நிம்மதியாகப் புளிக்க விடலாம். லாகர் ஈஸ்டுக்குப் புத்தகங்கள் விதிக்கும் வெப்பம் 8 முதல் 13 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் வாழைப்பழ வாசம் வரும், குடித்த மறுநாள் தலைவலி வரும் என்று பயமுறுத்துவார்கள். போதாததற்கு, புளிக்கிற திரவம் தானே சூடேறும். அறையைவிட அதன் உள்ளே சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஆகவே கண்ணாடிக் குடுவையைத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து, ஈர டீ-ஷர்ட்டைப் போர்த்தி, எதிரே மின்விசிறியைச் சுழலவிட்டு, இரண்டு வேளையும் ஐஸ் பாட்டில் மாற்றுகிறார்கள். டிசம்பரில் இட்லி மாவு பொங்கவில்லையே என்று நாங்கள் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு மாவுப் பாத்திரத்துக்குச் சூடு காட்டுகிற ஊர் இது.

இந்தப் பயம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. கோடையில் காய்ச்சிய பீர் அடிக்கடி கெட்டுப்போனதால், பவேரியாவில் 1553-இல் கோடையில் காய்ச்சுவதையே தடை செய்தார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் 23 வரைதான் அனுமதி. குளிர்காலத்தில் காய்ச்சி, நிலவறைகளில் ஐஸ் அடுக்கிப் பாதுகாத்தார்கள். அந்தக் குளிரிலும் சோம்பாமல் வேலை பார்த்த ஈஸ்ட் நிலைத்தது. கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் அதைத் தனியே பிரித்தெடுத்தது 1883-இல். அது ஒரு கலப்பினம். ஒரு பக்கம் நம் ரொட்டியிலும் ஏலிலும் உள்ள சாதாரண ஈஸ்ட். மறுபக்கத்து மூதாதை யார் என்பது 2011 வரை பிடிபடவில்லை. பட்டகோனியாவின் தென்பீச் மரங்களில் கண்டெடுத்த, குளிர் தாங்கும் காட்டு ஈஸ்டுதான் அது என்று அந்த ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது.

குளிரைத் தாங்கும் என்பதால் குளிர்தான் அதற்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வளர்வதற்கு லாகர் ஈஸ்டும் வெதுவெதுப்பையே விரும்பும். குளிர் கேட்பது நம் நாக்கு. ஈஸ்ட் மெதுவாக வளர்ந்தால் பழவாசம் தரும் எஸ்டர்கள் குறையும், மால்ட்டும் ஹாப்ஸும் மட்டும் தெளிவாகத் தெரியும். குளிரில்லாமலும் லாகர் ஈஸ்ட் வேலை செய்யும் என்பதை முழுக்க நிரூபித்த ஊர் எங்களுக்கு வடக்கே, வளைகுடாவின் முனையில் இருக்கிறது.

தங்க வேட்டைக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த ஜெர்மானியர்களிடம் லாகர் ஈஸ்ட் இருந்தது, ஐஸ் இல்லை. 1852 முதல் அலாஸ்காவின் சிட்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது. அந்தச் செலவில் பீர் காய்ச்சிக் கட்டுப்படியாகுமா? ஆழமில்லாத அகன்ற தொட்டிகளில் ஊற்றி, பசிபிக்கின் மூடுபனிக் காற்றில் சூட்டை ஆறவிட்டு, லாகர் ஈஸ்டை ஏலின் வெப்பத்திலேயே புளிக்க வைத்தார்கள். அதுதான் ஸ்டீம் பீர். தொழிலாளிகள் குடித்த மலிவுச் சரக்கு. குளிர்சாதன இயந்திரங்கள் வந்ததும் அந்த வகை ஏறக்குறைய அழிந்துபோயிற்று. எஞ்சியிருந்த ஆங்கர் ஆலையும் மூடும் நிலையில் இருந்தபோது, 1965-இல் வாஷிங் மெஷின் தயாரித்த குடும்பத்து வாரிசான ஃப்ரிட்ஸ் மேடாக் அதில் பெரும்பங்கை வாங்கிக் காப்பாற்றினார். 2017-இல் ஜப்பானின் சப்போரோ வாங்கியது, 2023-இல் இழுத்து மூடியது. மறு ஆண்டே தயிர் வியாபாரத்தில் பெயர் பெற்ற ஹம்தி உலுகாயா கைக்கு அது வந்தது. புளிப்புத் தொழில் தெரிந்தவர் என்பதில் எனக்கொரு திருப்தி.

எனவே ஐஸ் பாட்டிலோடு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் சொல்வது இதுதான்: 10 டிகிரியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், ஈஸ்டைப் பார்த்து வாங்குங்கள். ஜெர்மனியின் வைஹன்ஸ்டெஃபானிலிருந்து வந்த டபிள்யூ-34/70 போன்ற வகை 18 டிகிரியிலும் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஈஸ்டைத் தாராளமாகப் போட வேண்டும். கஞ்சத்தனம் செய்தால் பெருகுவதற்கு அது படும் பாடெல்லாம் ருசியில் தெரியும். வேண்டாத வாசங்களில் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று நாளிலேயே உண்டாகிவிடுகிறது. ஐஸும் மின்விசிறியும் அந்த நாட்களுக்குத்தான் தேவை. பிறகு வெப்பம் சற்று ஏறினால் நல்லதே, வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் திரும்ப விழுங்கிவிடும். இடையில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பதற வேண்டாம். லாகருக்கு அது வழக்கம், பெரும்பாலும் தானே போய்விடும். அழுத்தம் தாங்கும் கலன் வைத்திருப்பவர்கள் ஒரு பார் அழுத்தத்தில் புளிக்க விட்டால் பழவாசம் இன்னும் அடங்கும்.

ஆனால் 28 டிகிரி கராஜுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்தச் சூட்டில் ஃபியூசல் ஆல்கஹால்கள் மிகுந்து தொண்டையைச் சுடும். அப்படிப்பட்ட வாரத்தில் ஏல் போடுவதே புத்திசாலித்தனம்.

பக்கத்து வீட்டுக்காரர் பாதி ஒத்துக்கொண்டார். இந்த முறை 17 டிகிரியில் விட்டிருக்கிறார். புளித்து முடிந்ததும் பழைய ஃபிரிட்ஜில் நாலு வாரம் கிடத்துவதை மட்டும் கைவிட முடியாது என்கிறார். அதில் அவர் சொல்வதே சரி, தெளிவதற்கு அந்தக் குளிர் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்த நண்பன்