ஒரே கீபோர்டில் இரண்டு பாஷை

சித்தூரில் கல்யாணம் என்றால் பத்திரிகையை இரண்டு பாஷையில் அடிக்கும் வீடுகள் நிறைய. மாப்பிள்ளை வீடு மதனப்பள்ளிப் பக்கம், பெண் வீடு நகரியோ வேலூரோ. ஒரு பக்கம் தெலுங்கு, மறு பக்கம் தமிழ். டிடிபி கடையில் தெலுங்கை அனு எழுத்துருவில் அடிப்பார்கள், தமிழை வேறு ஏதோ பழைய எழுத்துருவில். அச்சில் அழகாகத்தான் வரும். அதே ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால்தான் வேடிக்கை. முகூர்த்த நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் அடைப்புக்குறியும் கலந்து கிடக்கும்.

உடனே வைரஸ் என்று பயந்து சிஸ்டத்தை ஃபார்மேட் செய்யச் சொல்லும் ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. நம்ப வேண்டாம். அந்தப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே நம் எழுத்தின் படத்தை உட்கார வைத்திருக்கின்றன. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலம் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடில் அடித்திருந்தால் இந்த வம்பே இல்லை.

யூனிகோட் அட்டவணையில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தமிழ் ‘க’வின் எண் 2965. தெலுங்கு ‘క’ 3093. வித்தியாசம் 128. ‘ம’ 2990, ‘మ’ 3118. அங்கேயும் 128தான். இரண்டு மொழிக்கும் பொதுவான எழுத்து எதை எடுத்தாலும் இந்தக் கணக்கு தப்பாது. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்குரிய இடங்கள் தமிழ் வரிசையில் காலியாக இருக்கும். தெலுங்குப் பக்கமும் ஒரு காலியிடம் இருந்தது, நம் ‘ழ’வுக்கு நேர் எதிரே. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரம் உண்டு, பிறகு வழக்கொழிந்துபோனது. 2014-இல் வந்த யூனிகோட் 7.0 அந்த எழுத்தை அதே இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

இந்த ஒழுங்குக்குக் காரணம் யூனிகோடுக்கு முந்திய இஸ்கி என்ற இந்தியத் தரம். இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான ஒரே வரிசையை அது வகுத்தது. அதோடு சேர்ந்து வந்ததுதான் இன்ஸ்கிரிப்ட் கீபோர்டு. இரண்டு பாஷை புழங்கும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். பெரும்பாலும் இடது கை உயிருக்கு, வலது கை மெய்க்கு. ஆங்கில ‘கே’ எழுத்துள்ள பட்டனைத் தட்டினால் தமிழில் ‘க’, தெலுங்கில் ‘క’. ‘எல்’ பட்டனில் ‘த’, ‘ஹெச்’ பட்டனில் ‘ப’, ‘ஜே’ பட்டனில் ‘ர’. தமிழில் புள்ளி வைக்கும் ‘டி’ பட்டனே தெலுங்கில் எழுத்துகளைக் கூட்டி ஒத்தெழுத்தாக்கும். வார்டு அலுவலகத்துக்குத் தெலுங்கில் மனு அடித்துவிட்டு, விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் அடுத்த வரியைத் தமிழில் தொடரலாம். விரல் எதையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் வரிக்கு வரி வரும் றன்னகரத்துக்கு இன்ஸ்கிரிப்டில் ஷிஃப்ட் பிடித்தாக வேண்டும். ண, ள, ழ, ற எல்லாமே அப்படித்தான். வர்க்க எழுத்துகளின் பட்டன்கள் சும்மா கிடக்க, சுண்டுவிரல் நோகிறது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. ‘க’வை இரண்டு தரம் தட்டினால் முதல் ககரத்துக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். வேலூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு தமிழ் மட்டுமே எழுதுகிறவர் யோசிக்காமல் தமிழ்99 பழகலாம். இரண்டும் எழுதுகிற நமக்கு அது பாதிக் கிணறு.

‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்வது சுலபமில்லையா என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரிக்குச் சுலபம்தான். ஆனால் ‘ல’வா ‘ள’வா ‘ழ’வா என்பதை அங்கே மென்பொருள் ஊகித்துச் சொல்கிறது. தெலுங்குப் பள்ளியில் படித்து, தமிழை வீட்டில் காதால் மட்டும் கற்ற பிள்ளைகள் அது காட்டும் முதல் சொல்லையே சரியென்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து மனசில் நிற்க வேண்டுமானால் எழுத்தை எழுத்தாகவே தட்ட வேண்டும் என்பது என் கட்சி.

எழுத்து ஒட்டிய ஸ்டிக்கருக்கோ புதுக் கீபோர்டுக்கோ காசு செலவழிக்காதீர்கள். செட்டிங்க்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழையும் தெலுங்கையும் சேர்த்துவிட்டு, விண்டோஸ், கன்ட்ரோல், ‘ஓ’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே கீபோர்டு விரியும். எது எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அடிக்கலாம்.

ஆங்கிலத்தில் கவனமாகத் தட்ட வேண்டியது ஒன்று உண்டு. திருப்பதியில் வீடு இருந்தால் போதும், உறவுக்காரர் எல்லோருக்கும் நாம்தான் 300 ரூபாய் தரிசன டிக்கெட் எடுத்துத் தர வேண்டும். அவசரத்தில் கூகுளில் தேடி, மேலே வந்ததை க்ளிக் செய்துவிடாதீர்கள். தேவஸ்தானத்தின் பெயரில் போலித் தளங்கள் உண்டு. முகவரியைக் கையால் அடியுங்கள், அது ‘ஏபி டாட் கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள், பிறகு புக்மார்க்கில் போட்டுவையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

எழுத்தால் போனே படுத்த கதையும் ஒன்று உண்டு. 2018 பிப்ரவரியில் தெலுங்கு ‘జ్ఞా’ எழுத்து மெசேஜில் வந்தால் ஐபோன் ஆப்கள் நின்றுபோயின. ஆப்பிள் நிறுவனம் சில நாளில் 11.2.6 அப்டேட் அனுப்பிச் சரிசெய்தது. அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைத்தான் நான் எடுத்துச் சொல்வது.

கடைசியாக டிடிபி கடை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சுக்கு எந்த எழுத்துருவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கையில் கொடுக்கிற மேட்டரை மட்டும் யூனிகோடில் கொடுங்கள். அதே வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது யாரும் முதலிலிருந்து அடிக்க வேண்டியிருக்காது.