கோபாலுக்குத் 'தெரியாது' தெரியாது

கோபால்னு சொன்னதும் சரோஜாதேவி குரல் காதுல கேட்டா நான் பொறுப்பில்லை :-) நான் சொல்றது மெயின்ஃப்ரேம்ல ஓடுற கோபால். பொட்டி தட்டுற மக்கள்லயே பாதிப் பேர் "அது இன்னுமா உயிரோட இருக்கு?"ன்னு கேக்கறாங்க. இருக்கு மக்களே. 2020 ஏப்ரல்ல கொரோனாவால வேலை போனவங்க விண்ணப்பம் குவிஞ்சு நியூஜெர்சி மாநிலத்து கம்ப்யூட்டர்கள் திணறினப்போ, கோபால் தெரிஞ்சவங்க உதவிக்கு வாங்கன்னு கேட்டது அந்த மாநில கவர்னர் பில் மர்பி. ஐபிஎம் 2022ல கூட எண்டர்பிரைஸ் கோபால் 6.4ன்னு ஒரு கம்பைலர் விட்டிருக்கு. தாத்தா இன்னும் சம்பாதிச்சுக்கிட்டுதான் இருக்கார்.

ஆனா நான் எழுத வந்தது தாத்தாவைப் பத்தி மட்டும் இல்லை. தாத்தாவையும் டிபி2வையும் ஒரே வீட்டுல குடி வெச்சா என்ன ஆகும்ங்கறதைப் பத்தி.

முதல்ல வயசுப் பொருத்தம் பார்ப்போம். கோபாலை உருவாக்கக் கமிட்டி கூடினது 1959ல. ஐபிஎம்மோட சான் ஓசே ஆய்வுக்கூடத்துல இருந்த எட்கர் காட், டேட்டாவை டேபிள்களா பார்க்கணும்னு கட்டுரை எழுதினது 1970ல. ஐபிஎம் டிபி2வை அறிவிச்சது 1983ல. ஆக 24 வருஷ வித்தியாசம். கோபால் பிறந்தப்போ இப்படி ஒரு டேபிள் வரும்னு யாருக்கும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஃபைலும் ரெக்கார்டும். ரேஷன் கடை க்யூ மாதிரி: வா, அட்டையைக் காட்டு, வாங்கிக்கோ, நகரு, அடுத்த ஆள். எஸ்க்யூஎல்லுக்கு இந்தப் பழக்கமே கிடையாது. "அரிசி கார்டு வெச்சிருக்கற எல்லாரும்"னு கூட்டத்தோடதான் பேசும்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல தூது போறதுதான் கர்ஸர். கூட்டத்தைக் கூப்பிட்டு க்யூவில நிறுத்தி, ஃபெட்ச் போடும்போதெல்லாம் ஒவ்வொரு ஆளா உள்ள அனுப்பும். எக்ஸெக் எஸ்க்யூஎல்னு ஆரம்பிச்சு எண்ட்-எக்ஸெக்னு முடிக்கணும், கோபால் வேரியபிளுக்கு முன்னாடி ஒரு முக்காற்புள்ளி வைக்கணும், ப்ரீகம்பைல், பைண்ட்னு நாலு படி ஏறணும். இதெல்லாம் ஒரு வாரத்துல கைக்கு வந்துடும். ஒவ்வொரு தடவையும் எஸ்க்யூஎல்கோடுன்னு ஒரு எண் திரும்பி வரும். 0ன்னா சுபம், 100ன்னா ஆள் தீர்ந்துபோச்சு, மைனஸ்ல வந்தா வம்பு. எங்க ஆளுங்க பல பேர் சாமி படத்துக்குப் பக்கத்துல மைனஸ் நம்பர் லிஸ்ட் ஒட்டி வெச்சிருப்பாங்க.

ஒரு வாரத்துல கைக்கு வராதது ஒண்ணு இருக்கு. அது 'நல்'.

கோபாலுக்கு ஒரு இடம் காலியா இருந்தா ஸ்பேஸ் இல்லேன்னா ஜீரோ. 'தெரியாது', 'பொருந்தாது'ன்னு சொல்ல அந்த மொழியோட வேரியபிள்ல இடமே கிடையாது. காட் இதுல ரொம்பக் கறார். 1985ல அவர் போட்ட விதிகள்ல மூணாவது விதியே நல் பத்தினதுதான்: அது ஜீரோவும் இல்லை, வெத்து எழுத்தும் இல்லை, தனி. சரி, டிபி2 ஒரு காலத்துல நல் இருக்குன்னு கோபாலுக்கு எப்படிச் சொல்றது? அதுக்குத்தான் இண்டிகேட்டர் வேரியபிள். வேரியபிள் பக்கத்துலயே ரெண்டு பைட்ல ஒரு குட்டித் தம்பி. நல் வந்தா தம்பி மைனஸ் ஆயிடுவான். தம்பியை வைக்காம விட்டா நல் வர்றப்போ மைனஸ் 305 வந்து ப்ரோக்ராம் முறைக்கும்.

தம்பியை வெச்சுட்டு அவனை எட்டியே பார்க்காம விட்டா? எஸ்க்யூஎல்கோடு 0. சுபம்! ஆனா பெரிய வேரியபிளை டிபி2 தொடவே தொடாது. முந்தின ஃபெட்ச்ல என்ன இருந்துதோ அது அப்படியே உட்கார்ந்திருக்கும். நம்ப மாட்டீங்க, மேனுவல்லயே எழுதியிருக்கு.

பல வருஷம் முன்னாடி நான் சோழிங்கநல்லூர்ல ஆணி பிடுங்கிட்டு இருந்தப்போ ஒரு வெளிநாட்டு பென்ஷன் கம்பெனியோட பராமரிப்பு எங்க டீம் தலையில இருந்துது. பேர் வேண்டாம். பழைய வீசாம் ஃபைல்களையெல்லாம் டிபி2 டேபிளா மாத்தி முடிச்சு மூணு மாசம் ஆகியிருந்துது. ஒரு நாள் டிக்கெட் வந்துது. அதுல இருந்தது ஒரே வரி: வாடிக்கையாளர் தாம் உயிரோடு இருப்பதாகத் தெரிவிக்கிறார்.

பக்கத்து சீட் பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துது. அப்புறம் டேபிளைத் திறந்து பார்த்தேன். ஒரே கணக்கு எண்ணுல ரெண்டு வரி. 01 கணவர், இறந்த தேதி இருக்கு. 02 மனைவி, இறந்த தேதி நல். அவர் போனப்புறம் அந்தம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் போகணும். மூணு மாசமா போகலை.

ப்ரோக்ராம்ல கணக்கு எண் மாறும்போது மட்டும் எல்லா வேரியபிளையும் துடைச்சு வெச்சிருந்தாங்க. கோபால்காரங்க காலங்காலமா செய்யற வழக்கம் அது. கணவர் வரி வந்துது, இறந்த தேதி வேரியபிள்ல ஏறிச்சு. அடுத்து மனைவி வரி. கணக்கு எண் மாறலை, அதனால துடைக்கலை. தேதி நல், அதனால டிபி2வும் தொடலை. தம்பி 'மைனஸ், மைனஸ்'னு கத்தறான், கேட்க ஆளில்லை. புருஷன் செத்த தேதி பெண்டாட்டி பேர்ல ஏறிச்சு. எஸ்க்யூஎல்கோடு மட்டும் கடைசி வரைக்கும் 0.

எழுதினவரை நான் திட்ட மாட்டேன். அவர் வீசாம்லயே தலை நரைச்ச ஆள். அங்க ரீட் போட்டா முழு ரெக்கார்டும் பழசு மேல வந்து விழும். தேதி இல்லேன்னா ஜீரோ வந்து பழைய தேதியை அழிச்சுடும். இருபது வருஷம் அவர் அதை நம்பிப் பிழைச்சார். ஃபெட்சும் ரீட் மாதிரிதான்னு நினைச்சுட்டார். மைனஸ் 305 வந்ததும் அதோட வாயை அடைக்கத் தம்பியை வெச்சார், வாய் அடைஞ்சுது. டெஸ்டிங்ல மாட்டலையான்னு கேப்பீங்க. டெஸ்ட் டேட்டாவுல ஒரு கணக்குக்கு ஒரு ஆள்தான். எல்லாரும் பிரம்மச்சாரி.

மாத்தினது மூணே வரி: தம்பி மைனஸா இருந்தா தேதியில ஸ்பேஸ் போடு. கர்ஸர்லயே கோஅலெஸ் போட்டு நல்லுக்குப் பதில் வேற மதிப்பு வாங்கியிருக்கலாம். எனக்கு அது அவ்வளவா பிடிக்காது. பல இடங்கள்ல 'முடிவு தேதி இல்லை'ங்கறதுக்கு 9999-12-31ன்னு போட்டு வெச்சிருப்பாங்க. மேனேஜர்களுக்கு இது ரொம்ப இஷ்டம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதி வெக்கறது, அவ்வளவுதான். என்னிக்காவது ஒருத்தர் அந்தத் தேதியை வெச்சு வயசு கணக்குப் போடுவார், அப்போ இருக்கு தீபாவளி.

மூணு வரியை விட அதுக்கப்புறம்தான் வேலை. டேபிள்ல இதே மாதிரி 01 போய் 02 இருக்கற கணக்குகளை ஒரே க்வெரியில எடுத்தேன். இதுக்கு எஸ்க்யூஎல்லை அடிச்சுக்க ஆள் கிடையாது, கூட்டத்தோடதானே பேசும். 41 பேர். ஒருத்தர் தவிர எல்லாரும் பெண்கள். 41 பேர்ல போன் பண்ணி நான் உயிரோட இருக்கேன்னு சொன்னது ஒரே ஒருத்தங்க. மத்தவங்க புருஷனோடயே பணமும் போச்சுன்னு நினைச்சுட்டாங்களோ என்னவோ.

க்ளையண்ட் பக்கத்துல ரெண்டு நாள் போன் மேல போன். தம்பியை வெச்சுட்டுப் பார்க்காம விட்ட இடம் வேற எங்க இருக்குன்னு எல்லா சோர்ஸையும் அலசினோம், இன்னும் ஆறு ப்ரோக்ராம் மாட்டிச்சு. அதுல நாலு மாசக் கடைசியில மட்டும் ஓடறது. டிக்கெட்டை மூடறப்போ காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், 'டேட்டா பிழை'ன்னு போடச் சொல்லி மேலிருந்து சொன்னாங்க. டேட்டாவுல ஒரு பிழையும் இல்லை. தெரியாததை டேபிள் தெரியாதுன்னு சரியாத்தான் சொல்லிச்சு. 'ப்ரோக்ராம் பிழை'ன்னே போட்டேன், கொஞ்சம் முறைச்சாங்க.

அடுத்த மாச ஓட்டம் முடிஞ்சதும் ரிப்போர்ட்டைத் திறந்து முதல்ல அந்த கணக்கு எண்ணைத்தான் தேடினேன். 02 வரிக்கு எதிர்ல தொகை இருந்துது, மூணு மாசப் பாக்கியோட சேர்த்து.