லட்டுவின் ஃப்ரீசர்

அன்புள்ள வித்யாவுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. லட்டுவைக் காணோம், லட்டுவின் ஃப்ரீசர்தான் தெரிகிறது! நாய்க்கென்று தனியாக ஒரு ஃப்ரீசர், அது நிறையப் பச்சைக்கறிப் பாக்கெட். உன் அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "இங்கே மட்டன் விலையைக் கேட்டுவிட்டு முருங்கைக்காய் வாங்கி வந்திருக்கிறேன், அங்கே நாய்க்கு மான்கறியா?" என்றாள். அவள் பேச்சை விடு. மூட்டுவலி கொஞ்சம் தேவலையாம், மாடியேறுகிறாளாம்.

"எவ்வளவு சிவப்பா இருக்கு பாருங்க சித்தி, இதைவிட நல்ல கறி கிடைக்காது" என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இறைச்சித் தொழிற்சாலை லேபில் பாதி ஆயுளைக் கழித்தவளிடம் நிறத்தைக் காட்டுகிறாய். கிருமியைக் கொல்வதற்காகச் சில கம்பெனிகள் கறியை 600 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் வைத்து எடுக்கின்றன. சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 6000 மடங்கு. அந்தக் கறி வெளுத்து, அரைவேக்காடு மாதிரி இருக்கும். கடையில் பார்த்தால் நீ அதைத்தான் பழசு என்று ஒதுக்குவாய்.

ஃப்ரீசரில் போட்டால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. அவரிடம் சொல், நாங்கள் லேபில் சால்மொனெல்லாவை வருடக்கணக்கில் உயிரோடு பாதுகாத்ததே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில்தான். சில ஒட்டுண்ணிகள் குளிரில் சாகும். பாக்டீரியா பெரும்பாலும் தூங்கும், அவ்வளவுதான். நீ எடுத்து வெளியே வைத்ததும் விழித்துக்கொள்ளும்.

பாக்கெட்டின் முன்பக்கத்தை மறந்துவிடு. மனிதர் சாப்பிடும் தரத்துக் கறி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறானே, நீ இருக்கும் இங்கிலாந்தில் பச்சையாக விற்கும் நாய் உணவுக்கு, மனிதர் உண்ணத் தகுந்ததென்று பரிசோதனையில் தேறிய மிருகத்தின் கறிதான் போகவேண்டும். சட்டமே அதுதான். எல்லாரும் செய்தாக வேண்டியதை இவன் பெருமையாகச் சொல்லிக் கூடக் காசு வாங்குகிறான். பின்பக்கத்தைத் திருப்பு. "கம்ப்ளீட்" என்று இருக்கிறதா, "காம்ப்ளிமென்டரி" என்று இருக்கிறதா, அதை முதலில் பார். முதலாவது, அதை மட்டுமே தினமும் போட்டாலும் நாய்க்கு எல்லாச் சத்தும் கிடைக்கும் என்ற உறுதி. இரண்டாவது, இதோடு வேறு உணவும் சேர்க்கவேண்டும் என்று அர்த்தம். உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ வாங்கியதில் முக்கால்வாசி இரண்டாவது ரகம். 80-10-10 என்று விற்கிறார்களே, 80 பங்கு கறி, 10 பங்கு எலும்பு, 10 பங்கு ஈரல் மாதிரி உள்ளுறுப்பு. கேட்க அழகாக இருக்கிறது. ஜிங்க், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் ஈ எல்லாம் அதில் போதாமல்தான் போகும். நாய் உடனே விழுந்துவிடாது, அதனால் நமக்கும் தெரியாது.

ஆச்சி வீட்டு நாய் மணி பழைய சோறும் மீன்தலையும் தின்றே வாழ்ந்தானே என்று நீ கேட்பாய், தெரியும். மணி ஊரெல்லாம் சுற்றி எதையெதையோ தின்றான், நாம் யாரும் கணக்கு வைக்கவில்லை. லட்டு நாலு மாத லாப்ரடார் குட்டி. நீ வைப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. வளர்ந்தபின் 32 கிலோவை எட்டக்கூடிய குட்டிகளுக்கு, ஈரத்தைக் கழித்த உணவில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ வரம்பு வைத்திருக்கிறது. வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடும். குட்டிக்கு அது தெரியாது, வந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு கோணலாக வளரும். அரைத்த எலும்பு ஒரு பாக்கெட்டில் கூடும், இன்னொன்றில் குறையும். லட்டுவின் மலம் வெளுத்துச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிர்கிறதா பார். உதிர்ந்தால் எலும்பு அதிகம்.

இன்னொரு கணக்கும் உனக்குத் தெரியவேண்டும், நீதான் கணக்கில் புலியாயிற்றே. உன் பாக்கெட்டில் புரதம் 14, கொழுப்பு 15, ஈரப்பதம் 70 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கொழுப்பு 15தானே என்று விட்டுவிட்டாய். தண்ணீரைக் கழி. மிச்சம் 30. அந்த 30-இல் 15 கொழுப்பு, சரிபாதி! லாப்ரடாருக்கு இது எதற்கு? புரதத்தைவிடக் கொழுப்பு கூடுதலாக இருந்தால், நல்ல கறியை விற்றுவிட்டு மிஞ்சிய வெட்டுத்துண்டைப் போட்டிருக்கிறான் என்றுதான் நான் நினைப்பேன்.

கம்பெனிக்கு ஒரு மெயில் போடு. இந்தக் கலவையை வகுத்தது யார், அவர் கால்நடை ஊட்டச்சத்து படித்தவரா? கால்சியமும் பாஸ்பரஸும் எவ்வளவு, அது ஏட்டுக்கணக்கா, லேபில் அளந்ததா? ஒவ்வொரு பேட்ச்சையும் சோதிக்கிறீர்களா, முடிவு வரும்வரை சரக்கை நிறுத்தி வைக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு ரிசல்ட் தாளோடு பதில் சொல்கிறவன் நல்ல கம்பெனி. "இயற்கையான உணவு, ஓநாயின் உணவு" என்று கதை சொல்கிறவனை விட்டுவிடு. என் அனுபவத்தில் தரம் என்பது பெரும்பாலும் அந்த ரிசல்ட் தாளில்தான் இருக்கிறது.

இத்தனை நேரம் சுற்றி வளைத்தேன், சொல்லவேண்டியது இதுதான். உனக்கு ஐந்தாம் மாதம். சட்டம் சால்மொனெல்லாவைப் பார்க்கச் சொல்கிறது: ஐந்து மாதிரி எடுத்தால் ஒன்றில்கூட, 25 கிராமில், அது இருக்கக்கூடாது. லிஸ்டீரியாவின் பெயர் அந்த விதியில் இல்லை. கர்ப்பிணிக்கு லிஸ்டீரியா எப்படிப்பட்டது என்று உன் மிட்வைஃபைக் கேள், அதற்காகத்தானே சில பாலாடைக்கட்டிகளைத் தொடாதே என்றாள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 8 கம்பெனிகளின் 35 பச்சை உணவுகளை வாங்கிச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். 19-இல் நோய் உண்டாக்கும் லிஸ்டீரியா, 7-இல் சால்மொனெல்லா. இங்கிலாந்திலேயே 2017-இல் நாலு பேருக்கு ஒரே வகை ஈ.கோலை வந்து, விசாரித்தால் மூன்று பேர் பச்சைக்கறி, அதிலும் இரைப்பை, தின்ற நாய்களோடு பழகியவர்கள். நாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது. துள்ளிக்கொண்டு வந்து முகத்தை நக்கும், கிருமியை மலத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதை அள்ளுவது யார்? நீதானே. மாப்பிள்ளை அள்ளுவார் என்று சொல்லாதே, எனக்கு அவரைத் தெரியும்.

பச்சைக்கறியே விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்கிற கம்பெனிகளும் இருக்கின்றன, நன்றாக இருக்கிற நாய்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, வளர்கிற குட்டிக்கு, அதுவும் அரைகுறைப் பாக்கெட்டில்? வேண்டாம் கண்ணு. பெரிய இனக் குட்டிகளுக்கென்றே "கம்ப்ளீட்" என்று எழுதிய உலர் உணவு வாங்கு. அந்தக் கறியை நீயே வேகவைத்துப் போட்டுவிடலாமென்றும் யோசிக்காதே, வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தலாம். ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டு, வயிறு கெடாது. பாக்கெட்டுகளைத் திரும்ப எடுப்பார்களா என்று கேள், எடுக்காவிட்டால் போகட்டும், பணத்துக்கு வருத்தப்படாதே. இருக்கிற வரைக்கும் மாப்பிள்ளை கையுறை போட்டு எடுக்கட்டும், நீ அந்தப் பக்கம் போகாதே. குழந்தை பிறந்து, நடந்து, தானே கை கழுவப் பழகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இந்த வாரமே லட்டுவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எடையும் கால்களும் சரியாக இருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி