முதல் வெல்டிங் மிஷின்

பென்னாகரத்தில் ஒருவர் தன் எக்ஸ்எல் வண்டிக்குப் பால் கேன் மாட்டும் கேரியரை வீட்டு வாசலிலேயே அடிக்க நினைக்கிறார். சரி, எந்த மிஷின் வாங்குவது?

கடைக்காரர் மிக் மிஷினைக் காட்டுவார். மெல்லிய தகட்டுக்கு அது நல்லதுதான், 0.8 மி.மீ. தகட்டில் ராடு வைத்தால் சுலபமாக ஓட்டை விழும். ஆனால் மிக்குக்கு கேஸ் சிலிண்டர் வேண்டும். திறந்த வாசலில் காற்றடித்தால் கேஸ் கலைந்து வெல்டில் பொடிப்பொடியாகத் துளை விழும்.

கேரியருக்கு 2, 3 மி.மீ. பைப்பும் ஆங்கிளும்தானே! அதற்கு 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மிஷினே போதும். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரைதான் தேவை. சிங்கிள் பேஸிலேயே ஓடும். 'டியூட்டி சைக்கிள் 60%' என்று எழுதியிருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் வேலை, மீதி ஓய்வு என்று அர்த்தம்.

வணிகவியலில் நிலையான செலவு, மாறும் செலவு என்று படிப்பார்கள். மிக் வாங்கியவருக்கு மிஷின் விலையோடு கணக்கு முடியாது, கேஸுக்கும் அழவேண்டும்.

மிச்சமாகும் பணத்தில் அவர் முதலில் 10 அல்லது 11 நம்பர் கண்ணாடி போட்ட ஹெல்மெட் வாங்கட்டும். பிறகு பழைய இரும்பில் பழகட்டும். வெல்டு விட்டால் ரோட்டில் பாலோடு ஆளும் விழுவார். ராத்திரி முழுக்க மணல் கொட்டியதுபோல் கண் எரிந்தால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது?